விரிசல் விட்ட குப்பி

காலை 9.10. ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் இருந்த கண்ணாடிக் குப்பி பாழாகிக் கிடந்தது. தெளிவாக இருக்க வேண்டிய திரவத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. குப்பியின் அடியில் மெல்லிய விரிசல். குளிர்பெட்டியின் பிளக் பிடுங்கப்பட்டிருந்தது.

10.40க்கு வந்த இன்ஸ்பெக்டருக்கு இரண்டு மாடி ஏறியதிலேயே பாதி உயிர் போய்விட்டது. ஓய்வு பெற நாலு மாதம்தான். கொலையும் கொள்ளையும் பார்த்துப் புளித்துப்போன வழுக்கைத் தலையருக்குக் கடைசியில் தலைமுடிக் கண்டிஷனர் வழக்கு!

"இது என்னம்மா?"

"ஆன்டிபாடி சார்," என்றார் விஞ்ஞானி. கண்ணுக்குக் கீழே கருவளையம். "உடம்புல கிருமியைத் தேடிப்போய் ஒட்டிக்குமே, அந்த வகைப் புரதம். கண்டிஷனர்ல கலக்கிறதுக்காக, முடியில சேதமான இடத்தைத் தேடி ஒட்டுற மாதிரி இதைச் செஞ்சோம். ஆறு வருஷ உழைப்பு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சோதனை. யாரோ பிளக்கைப் பிடுங்கி, ராத்திரியோட ராத்திரியா மொத்தமும் உருகிப்போச்சு."

"யாரோ என்ன, யாரோ?" என்று துப்புரவு அம்மாளைக் கைகாட்டிப் பாய்ந்தார் முதலாளி, விஞ்ஞானியின் அண்ணன். "தரை துடைக்கிற மெஷினுக்கு பிளக் தேடுறது இந்தம்மாதான். நேத்து கடைசியாப் போனதும் இவங்கதான். கூட்டிட்டுப் போங்க சார்."

துப்புரவு அம்மாள் வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை. "நான் அதைத் தொடவே இல்லைங்க. வேலை போச்சுன்னா என் வீட்ல அடுப்பு எரியாது."

"காலையில முதல்ல வந்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான்," என்றார் விஞ்ஞானி.

பிளக் இன்னும் பிடுங்கியபடியேதான் கிடந்தது. இன்ஸ்பெக்டர் குளிர்பெட்டியைத் திறந்தார். முகத்தில் ஜில்லென்று அடித்தது. மூலையில் யாரோ ஒளித்து வைத்த சாக்லேட். உடைத்தார், 'கடக்' என்றது. கூச்சப்படாமல் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்த மருந்தை உறைய வைப்பீங்களா?"

"ஐயோ, உறைஞ்சா கெட்டுடும். எப்பவும் திரவமாத்தான் இருக்கணும்."

11.25. நாற்காலியில் சாய்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பெட்டி இன்னும் ஜில்லுனு இருக்கு, சாக்லேட் கூட இளகல. பிளக்கைப் பிடுங்கினது ராத்திரி இல்ல, இன்னிக்குக் காலையில. அறைச் சூட்டுல குப்பி வெடிக்காது. உள்ள இருக்கிறது உறைஞ்சு பெருத்தாத்தான் வெடிக்கும். யாரோ உறைய வெச்சு, திரும்ப இங்க வெச்சிருக்காங்க. ஏம்மா, எப்பவும் திரவமா இருக்கிறது எப்படி உருகும்? அதை ஐஸாப் பார்த்த வாய்க்குத்தான் 'உருகிப்போச்சு'ன்னு வரும்."

முதலாளி தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தார்.

"முடியில ஒட்டவே இல்லண்ணா. வெறும் தண்ணிக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வருஷா வருஷம் 'வந்துடும், வந்துடும்'னு உங்கிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் கூட வரவில்லை. வெறும் அயர்ச்சிதான்.

துப்புரவு அம்மாள் இப்போதுதான் வாளியைக் கீழே வைத்தார். "அதுக்கு பிளக்கைப் பிடுங்கி என் தலையில எதுக்கும்மா போட்டீங்க?"

விஞ்ஞானி அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்... வலி பெரிசாத் தெரியாதுன்னு நினைச்சுட்டேன்."

"தெரியும்மா," என்றார் அந்த அம்மாள். "ஒவ்வொரு தடவையும் தெரியும்."