ஓட்ஃப்ரீடுக்குத் திறக்க வேண்டிய ஜன்னல்

காரின் மற்றக் கண்ணாடிகளெல்லாம் பளிச்சென்றிருக்க, பின்னிருக்கையின் வலப்பக்கக் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை. மகள் யெட்டே இடப்பக்க ஓரத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்; நடுவில் கோட்டுகளும் ஆப்பிள் பையும் கிடந்தன. ஹில்கே முன்னிருக்கையிலிருந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்படலம் மெல்ல விரிந்தது, சுருங்கியது, கொஞ்சம் பொறுத்து மறுபடி விரிந்தது. வண்டிக்கும் தன்னைப் போலவே வயதாகிவிட்டது என்று சொல்லி அவள் கணவன் டெட்லெஃப் ஹீட்டரைக் கூட்டினான். அது அவனுடைய அப்பா ஓட்ஃப்ரீட் எப்போதும் உட்காரும் இடம். மனிதர் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் பயணமே அவர் ஆசைதான். கோஸ்லார், வெர்னிகரோடே, கடைசியாக அவர் பிறந்த க்வெட்லின்பூர்க் என்று பழைய ஊர்களை எல்லோரும் சேர்ந்து சுற்றிவர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே படுக்கையில் விழுந்தார். அக்டோபர் விடுமுறை வந்ததும் டெட்லெஃப் பிடிவாதமாகக் கிளம்பிவிட்டான். போன இடமெல்லாம் அந்த வெண்படலம் கூடவே வந்தது. கோஸ்லாரின் காபிக்கடையில் காலி நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னலில். வெர்னிகரோடே விடுதியில் யாரும் படுக்காத கட்டிலின் தலைமாட்டில். காலையில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து காற்றோட்டம் விடும் வழக்கத்தில் ஹில்கே அந்த ஜன்னலையும் திறந்தாள். சாத்தியதும் திரும்ப வந்தது. அதன் பக்கத்தில் ஓட்ஃப்ரீட் சப்பும் யூகலிப்டஸ் மிட்டாய் வாசனை, அதற்கடியில் நாளான படுக்கையின் புளித்த நெடி. மூன்று வாரம் ராப்பகலாக அந்த நெடிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா?

உயிர் பிரிந்த மறுகணம், ஆவி வெளியேற ஜன்னலைத் திறந்துவிடுவது அந்தக் குடும்பத்தில் யாரும் தப்பவிடாத வழக்கம். ஓட்ஃப்ரீடே அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

"நான் போனதும் திறந்து விட்டுடும்மா. உள்ளயே அடைச்சுப் போட்டுடாத."

அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலில்தான் குளிர் வராமலிருக்க ஹில்கே சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தாள். டெட்லெஃப் இரவு ஷிப்டுக்குப் போயிருந்தான். கிழவரின் மூச்சு ஒன்று வரும், நெடுநேரம் நிற்கும், செத்துவிட்டார் என்று அவள் எழுந்திருக்கும்போது இன்னொன்று வரும். விடியும் முன் அது நின்றபோது அவளுக்கு வந்தது அழுகை இல்லை, அப்பாடா என்ற எண்ணம்தான். கத்தரிக்கோல் தேடி டேப்பைக் கிழிக்க உடம்பில் தெம்பில்லை. கிழித்தால் குளிரும். சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள். டெட்லெஃப் வந்து கேட்டபோது, திறந்தேன், குளிரடித்தது, மூடிவிட்டேன் என்றாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னான். பாவி, அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டாள்.

க்வெட்லின்பூர்க்கில் ஓட்ஃப்ரீட் பிறந்த வீடு சாய்ந்த மரச்சட்டங்களோடு இன்னும் நின்றது. கல் பாவிய சந்தில் கரிப்புகை மணத்தது. டெட்லெஃப் மாடியைக் காட்டினான். அவனுடைய கொள்ளுத்தாத்தா அங்கே இறந்தபோது ஜன்னல் இறுகிக்கொண்டு திறக்கவில்லையாம். நாற்காலியால் கண்ணாடியை உடைத்தார்களாம்.

"அந்த வரைக்கும் நம்ம அப்பா குடுத்து வச்சவர்," என்றான். "நீ பக்கத்துல இருந்த."

யெட்டே அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாடியைப் பார்க்க ஹில்கேவுக்குத் துணிவில்லை.

வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குத் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. யெட்டே குளிக்கப் போனாள். வரவேற்பறையின் ஒற்றை ஜன்னல் முழுக்க வெளுத்திருந்தது. நீர் கோடாக வழிந்தது. மரத்தரை எங்கோ முனகியது. ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

"உனக்கென்ன ஆச்சு?" என்றான் டெட்லெஃப், கையில் ரொட்டிக் கத்தியோடு.

அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"நான் திறக்கல, டெட்லெஃப். அன்னிக்கு நான் திறக்கவே இல்ல. தூங்கிட்டேன்."

அவன் கத்தியை மேசைமேல் வைத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் சுவரில் மோதத் திறந்தான். ஈரக்காற்று திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"போங்கப்பா," என்றான். குரல் உடைந்தது. "இத்தன நாள் அடைஞ்சு கிடந்துட்டீங்க. போயிட்டு வாங்க."

நெடிகூட மறைந்தது. கண்ணாடியின் வெள்ளை ஓரத்திலிருந்து கலைந்து, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஹில்கே விம்மி விம்மி அழுதாள். டெட்லெஃப் அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"போயிட்டார். முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீ."

மன்னித்துவிடு என்று சொல்ல அவள் நிமிர்ந்தாள். அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணீர் என்று நினைத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மறுபடி மங்கியது. அழுததால் மூச்சு சூடாக இருக்கிறது. அதுதான். வேறென்ன?

வாயை மூடிக்கொண்டாள். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்தாள்.

தெளிந்தது.

டெட்லெஃப் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மூச்சு விட வேண்டும். கொக்கி விழுந்தது.

நீண்ட இடைவெளி.

அவள் மூச்சு விடவில்லை. கண்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, யூகலிப்டஸ் மணக்க, இளஞ்சூடாக, வெண்படலம் மெல்ல விரிந்தது.