பட்டியல் திறக்காத மழைநாள்

“யாருங்க அது? ரத்தம் குடுக்க வந்திருந்தா வெளிய பெஞ்சுல உக்காருங்க! ஈரத்தோட உள்ள வராதீங்க!”

மாஜிதாவின் குரலில் இருந்தது கோபம் இல்லை... பயம். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி லேப் வாசலில் தொப்பலாக நனைந்து நின்றவன் ஓரடி பின்வாங்கினான். தலைமுடியிலிருந்து சொட்டிய மழைநீர் அவன் இமைகளில் தயங்கி நின்றது.

“ரத்தமா? ஐயையோ... நான் கம்ப்யூட்டர் பாக்க வந்தேங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹமீது.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். இவனா?

அரை மணி நேரத்துக்கு முன்னால் போனில், “பாஸ்வேர்டை மறந்துட்டு மெஷினைக் குத்தம் சொல்லாதீங்க. நிதானமா யோசிச்சு அடிங்க” என்று சொன்னவன். அதையே டாக்டரம்மாவிடமும் சொல்லி வைத்தவன். டாக்டரம்மா நர்ஸுகள் எதிரிலேயே, “உன் மறதிக்கு ஒரு உயிர் போகணுமா மாஜிதா?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்த உயிர் அடுத்த அறையில் கிடந்தது. செட்டியார்பட்டி இருளம்மாள். காலையில்தான் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். மதுரையிலிருந்து வரவழைக்கலாம் என்றால், இந்த மழையில் மூன்று மணி நேரமாவது ஆகும்.

சுற்று வட்டாரத்தில் ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியலை ஆறு மாதமாகப் பெயர் பெயராகச் சேர்த்தவள் மாஜிதா. அது, அவள் வேலைக்குச் சேரும் முன்பே ஹமீது போன வருஷம் அமைத்துக் கொடுத்த லினக்ஸ் சர்வரில் இருந்தது. லேப்பிலிருந்தே அதைத் திறந்து பார்ப்பாள். நேற்று பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போய், விண்டோஸ் 98 போட்ட புதியவற்றை வைத்துவிட்டார்கள். இன்று... அவள் அடித்த பாஸ்வேர்டு தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது.

“நான் மறக்கல.” கண்ணில் முட்டிய நீரை உள்ளே இழுத்துக்கொண்டாள். “நீங்களே பாருங்க.”

ஹமீது உட்கார்ந்தான். ஒரு முறை அடிக்கச் சொல்லிவிட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அடித்தாள்.

தவறு.

அவன் எழுந்து டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினான். சர்வர் அங்கேதான் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஓட, அவன் முகம் மாறுவதை மாஜிதா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னங்க? பட்டியல் அழிஞ்சிருச்சா?”

“இல்ல... பட்டியல் பத்திரமா இருக்கு; ஆனா விண்டோஸ்லதான் படிக்க வரும். சம்பாவுலதான் கோளாறு.”

“சம்பாவா? நெல்லா?”

அந்தப் பதற்றத்திலும் அவன் உதடு ஓரமாய் நெளிந்தது. “நெல்லு இல்லீங்க. லினக்ஸ்ல இருக்கிற ஃபைலை விண்டோஸுக்குத் திறந்து விடுற புரோகிராம். அது பேருதான் சம்பா. பழைய மெஷின் பாஸ்வேர்டை அப்பிடியே அனுப்பும். புதுசு உருமாத்தி அனுப்புது. உருமாறி வந்தா எப்படிச் சரிபாக்கணும்னு நான் இங்க சொல்லி வைக்கல. நீங்க சரியா அடிச்சதையே இது தப்புன்னு திருப்பி அடிக்குது.”

“அப்போ...”

“தப்பு எம்மேல.”

விரல்கள் பறந்தன. “உங்க பாஸ்வேர்டை இங்க புதுசாப் பதியணும். அடிங்க... நான் பாக்க மாட்டேன்.” மறுபடி திரும்பிக்கொண்டான். நனைந்த பிடரியில் ஒற்றைச் சுருள் முடி ஒட்டியிருந்தது. ச்சே, இந்த நேரத்தில் இது என்ன பார்வை... என்று மாஜிதா தன்னையே கடிந்துகொண்டாள்.

லேப்புக்கு ஓடினார்கள். பட்டியல் திறந்தது!

ஓ நெகட்டிவ்... மூன்றே பெயர்கள். ஒருவர் கோயம்புத்தூருக்கு மாறிப் போனவர். இன்னொருவர் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பார் இல்லை. மூன்றாவது சங்கையா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். போன் கிடையாது.

மாஜிதா அந்த முகவரியை வாய்விட்டுப் படித்தாள்.

“கோயில் பக்கத்துத் தெருதானே? எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டு வாரேன்.” ஹமீது பைக் சாவியை எடுத்துவிட்டான்.

“இந்த மழையிலயா?”

அவன் திரும்பினான். முதல் முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தான். மழைக்குப் பயந்து ஒடுங்கிய இரண்டு கருங்குருவிகள் போல அவை படபடத்தன.

“ஒன்றரை மணி நேரம். அம்புட்டுத்தான்.”

போகிற வழியில் அவன் டாக்டரம்மா முன்னால் நின்றான். அத்தனை நர்ஸுகளும் அங்கே இருந்தார்கள். “மேடம், இவுங்க மறக்கல. நான்தான் சர்வரை மாத்தாம விட்டுட்டேன். இவுங்களைத் திட்டுனதுக்குப் பதிலா என்னைத் திட்டுங்க... திரும்பி வந்த பொறவு.”

மழைக்குள் பைக் சத்தம் கரைந்து போனது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இருளம்மாளின் கை சில்லிட்டிருந்தது. “பாப்பாவைப் பாத்துட்டேன்... போதும்மா” என்றாள் அவள். “அப்பிடிச் சொல்லாதீங்கக்கா” என்று மாஜிதா அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். யா அல்லா... இந்தத் தாயைக் காப்பாத்து...

ஒன்றரை மணி நேரம். அவன் வரவில்லை.

கம்பவுண்டர் முத்துவீரன் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். “ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல லாரிக்கடியில ஒரு பைக்கு போயிருச்சாம். ஓட்டுனவன் சின்ன வயசுப் பையனாம்... பாவம்.”

மாஜிதாவின் காதுக்குள் மழைச் சத்தம் நின்றுபோனது.

“என்ன... என்ன கலர் பைக்குண்ணே?”

“அது தெரியலையே தாயி.”

அவள் வாசலுக்கு ஓடினாள். தெருவில் செம்மண் நீர் புரண்டு ஓடியது. முகம் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை... அவனுக்காக ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? யார் அவன்? தெரியவில்லை. அவன் வந்தால் போதும். வந்து நின்றால் போதும்...

ஒரு பால் வண்டி ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது. கேன்களுக்கு நடுவிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் குதித்தார். சங்கையா. அவர் பின்னால்... ஹமீது!

“பைக்குல தண்ணி ஏறி நின்னுபோச்சுங்க. பால் வண்டியை மறிச்சு...”

அவள் காதில் எதுவும் விழவில்லை. ஒரு வினாடி அவன் சட்டைக் கையைப் பற்றிவிட்டு, சுட்டதைப் போல விட்டாள். “வாங்கண்ணே” என்று சங்கையாவை அழைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மாலை ஐந்து மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். “பொழைச்சுக்கிட்டா.” அவ்வளவுதான் சொன்னார். இருளம்மாளின் புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

ஹமீது வெளிப் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மாஜிதா டீயை நீட்டிவிட்டுப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“என்ன ஆச்சுங்க?”

“ரத்தப் பாட்டிலைக் கொண்டு போனதைப் பாத்துட்டேன். எனக்குச் சின்ன வயசுலருந்தே ரத்தம்னா மயக்கம் வரும். சிரிக்காதீங்க.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

“போன்ல அப்பிடிப் பேசுனதுக்கு...” என்று அவன் தொடங்கினான்.

“அதை விடுங்க. நான் ஒண்ணு சொல்லணும். சொல்லவே வெக்கமா இருக்கு...” முந்தானை நுனியை முறுக்கினாள். “லாரிக்கடியில பைக்குன்னு சொன்னாகள்ல... அப்போ கொஞ்ச நேரம்... அந்தக்கா ஞாபகமே எனக்கு வரல. உள்ள ஒரு உயிர் போய்க்கிட்டிருக்கு. நான் உங்களை மட்டும்தான் நெனச்சு நின்னேன். இது பாவமில்லையா?”

அவன் டீயைக் கீழே வைத்தான்.

“வண்டி நின்னதும் நானும் பயந்தேன்” என்றான் மெல்ல. “அந்தம்மாவுக்காகத்தான் பயந்தேன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்... ஆனா பொய். வெறுங்கையோட வந்து உங்க கண்ணைப் பாக்கணுமேன்னுதான் பயந்தேன். இனி எந்நாளும் அந்தக் கண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு ஆசையா இருக்கு மாஜிதா.”

மழை தூறலாய் மெலிந்திருந்தது. அவள் எழுந்தாள். லேப் கதவுவரை நடந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்.

“வெள்ளிக்கெழமை தொழுகை முடிஞ்சு என்னையப் பெத்த அத்தா வீட்டுலதான் இருப்பாக. ரொம்பக் கோவக்காரவுக. பயமில்லைன்னா வாங்க.”

“பயமாத்தான் இருக்கு...” என்றான் ஹமீது. “வாரேன்.”