ஹாலில் கிடந்த மெத்தை

"கட்டுன புருஷனை ஹால்ல படுக்க வச்சுட்டு, இவளுக்குத் தூக்கம் எப்படித்தான் வருதோ!"

காலையிலேயே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். கணவனின் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்த மருமகள் நிமிரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குபவர்களைச் சிரிக்க வைத்தே பழக்குவாள். அந்தச் சிரிப்புக்கு இந்த வீடு வைத்த பெயர் 'ஹாரன்'.

பஞ்சாயத்துக்கென்றே நாத்தனாரும் வந்திருந்தாள்.

"வெளியில ஆம்பளைங்களோட அவ்வளவு சிரிப்பு... வீட்ல என் தம்பிய கிட்ட சேர்க்கறதில்ல. எங்கயோ இடிக்குதே!"

"போன தடவை வந்தப்போ, நான் அவரைப் பிழிஞ்செடுக்கறேன், அதான் இளைச்சுட்டாருன்னு சொன்னீங்களே அண்ணி! ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. நான் அலையறவளா, மரக்கட்டையா?"

"வாயைப் பாரு!"

சத்தமாகச் சிரித்தால் ஆசை அதிகம். பேசாமல் இருந்தால் உத்தமன். இவர்கள் ஆளை அளக்கும் லட்சணம் இவ்வளவுதான்! அந்த விஷயத்தில் அவளுக்கும் கூச்சம் உண்டு என்று யாருக்குத் தெரியும்? அவனோ, தொட்டாலே வியர்த்து ஒடுங்குபவன். 'ஆம்பளையே இல்லைன்னுடுவாங்க' என்று அவன் அழுத அன்று, தானே அவனை வெளியே படுக்கச் சொன்னதாகப் பழியை ஏற்றுக்கொண்டாள். அதற்குக் கிடைத்த மரியாதை இது!

"பெட்டியைக் கட்டு. உங்கம்மா வீட்டுக்குப் போ. இவனுக்கு வேற வழி பார்த்துக்கறோம்" என்றாள் மாமியார்.

கட்டினாள். பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது அவன் வழியை மறித்து நின்றான்.

"அம்மா... அவ என்னைத் துரத்தல. நானாத்தான் வெளிய வந்து படுத்தேன். எனக்கு... பயம்மா. கல்யாணமான நாள்லேருந்தே. எனக்காகத்தான் அவ பொய் சொன்னா!"

நாத்தனார் துடைத்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மாமியார் உடைந்துபோனாள். பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏண்டி பாவி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்க விட்டீங்க அத்தை? நான் சிரிச்சதுக்கே விசாரணை வச்சீங்க!"

சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அவன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் தயங்கினான்.

"உள்ள... வரட்டுமா?"

"வாங்க. முதல்ல பேசுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். "பயப்படாதீங்க. என் பக்கமும் பிரேக் இருக்கு."