அட்மிரல் படித்த விளக்கு

"பதக்கம் திரும்பி வந்தா மட்டும் என் வயிறு குளிராது சார். அந்த ஆள் நாலு பேர் முன்னாடி தலை குனியணும்."

தையற்காரி செய்தித்தாளை விரித்தாள். ஊரே 'நிதானம்' என்று அழைக்கும் துப்பறிவாளர், பெயருக்குக் குறைவில்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய அப்பா கடற்படையில் இருபத்திரண்டு வருடம் சிக்னல்காரர். கப்பலுக்குக் கப்பல் விளக்கை மினுக்கிச் செய்தி பேசுகிற வேலை. அவர் இறந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த பழைய சகா போனதும், பீரோவிலிருந்த நான்கு பதக்கங்களையும் காணோம். இரண்டு வருடம் கழித்து அவை அந்தச் சகாவின் மார்பில் முளைத்தன. இப்போது அவர் ஊருக்கு 'அட்மிரல்'. அதோடு விட்டாரா? "அவரா? குடிச்சதுக்கு வேலையை விட்டுத் துரத்தினாங்க, பாவம்" என்று செத்தவர் பெயரிலும் சேற்றை அப்பியிருந்தார். இன்று மாலை முன்னாள் வீரர் மன்றத்தில் அவருக்குப் படத்திறப்பு. பொதுவாக அதற்குச் சாகவேண்டும். அவருக்கு அதுவரை பொறுமையில்லை.

"பதக்க விளிம்புல பேர் வெட்டியிருப்பாங்களே, அத்தான்!" என்று துள்ளினான் நிதானத்தின் மைத்துனன்.

"அரத்தால ராவிட்டான். கேட்டா, கடல் உப்பு அரிச்சிடுச்சாம்," என்றாள் தையற்காரி.

நிதானம் செய்தித்தாள் படத்தைப் பார்த்தார். 'அன்று போலவே இன்றும்' என்ற தலைப்பின் கீழ், எதிரே மினுங்கும் விளக்கைப் பார்த்தபடி தன்னந்தனியாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார் அட்மிரல்.

"உங்கப்பா இப்படி எழுதுவாராம்மா?"

"இல்லையே. துறைமுக விளக்கைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா சொல்லுவாரு. நான் எழுதுவேன்."

நிதானம் புன்னகைத்தார். "சாயங்காலம் வாங்க."

மன்றத்தில் அட்மிரலின் விளக்கு வித்தை தொடங்கியது. நிதானம் குறித்துக் கொடுத்த தாளைப் பார்த்து, மாடியிலிருந்து மைத்துனன் விளக்கை மினுக்கினான். மேடையில் அட்மிரல் ஒரு மினுக்கு பார்த்தார், குனிந்து எழுதினார். மறுபடி பார்த்தார், குனிந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார். "'வீரத்தின் விளக்கே, வாழ்க'ன்னு வருது!"

கைதட்டல் அடங்கியதும் நிதானம் மாடியைப் பார்த்து, "இன்னொரு தடவை" என்றார். அவர் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்த கடற்படை சிக்னல் பள்ளி வாத்தியார் எழுந்து, மினுங்கும் விளக்கைப் பார்த்து, கண்ணிமைக்காமல் எழுத்தெழுத்தாகச் சொன்னார். தையற்காரி எழுதி, உரக்க வாசித்தாள்: "இந்தப் பதக்கம் திருட்டு."

"விளக்கைப் படிக்கிறவன் எழுதமாட்டான்," என்றார் நிதானம். "குனிஞ்சா அடுத்த எழுத்து போச்சு. அவன் சொல்ல, இன்னொருத்தன்தான் எழுதுவான். பேப்பர் படத்துலயே இவர் மாட்டிக்கிட்டார். வாத்தியாரே, இவருக்குக் கப்பல்ல என்ன வேலை?"

"ஸ்டோர்ல உருளைக்கிழங்கு நிறுத்துக்கிட்டிருந்தாரு."

அட்மிரல் பதக்கங்களைக் கையால் பொத்தினார். "இது... அவர்தான் குடுத்தாரு. நட்புக்காக!"

"யாரு? எங்கப்பாவா?" தையற்காரி மேடையேறினாள். "குடிச்சு வேலை போனவருக்கு நாலு பதக்கம் ஏதுங்க?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. "பொய்தான்... அவர் குடிக்கமாட்டாரு," என்று முனகினார் அட்மிரல்.

"மைக்குல."

மைக்கிலும் சொன்னார். அவள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அம்மா, பின்னைக் கழட்டினா வந்துடுமே! இது புதுக் கோட்டு!"

"தெரியுது. நல்ல துணி," என்றாள், மார்புப் பக்கத்தைப் பிடித்து இழுத்து. "ஆடாம நில்லுங்க. வெட்டு கோணலாயிடும்."