நாடி பிடித்த கை

சோடாபுட்டி செத்துக் கிடந்தார்!

தடித்த மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். ஆஸ்துமா மருந்து ஒரு பக்கம். கை மட்டும் கதவை நோக்கி நீண்டிருந்தது.

"சார்... சார்!"

சிட்டு அலறினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சோதனைப் பொறியாளரான அவளுக்குச் சிட்டு. செத்துக் கிடப்பவர் அவளுடைய மேலதிகாரி.

பின்னால்... டப்!

கதவு மூடிக்கொண்டது. ஓடிப்போய்த் தள்ளினாள். அசைவேனா என்றது.

அது சோதனை அறை. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சுவரெல்லாம் செம்புத் தகடு. உள்ளிருந்து கம்பியில்லாமல் ஒரு சிக்னல்கூட வெளியே போகாது. காற்றுக்கும் மேலே வெளிக்காற்றை இழுக்கும் விசிறியே கதி.

விசிறி நின்றிருந்தது!

சுவர் ஸ்பீக்கர் கரகரத்தது.

"கத்தாதே கண்ணு. இருக்கற காத்தும் தீர்ந்துடும்."

"சித்தப்பா?"

கம்பெனி முதலாளி. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர்.

"கதவைத் திறங்க சித்தப்பா! சார் செத்துட்டார்!"

"தெரியும். காலைல விசிறியை நிறுத்தினதே நான்தானே? ஆஸ்துமாக்காரர்... சீக்கிரம் போயிட்டார்."



"ஏன் சித்தப்பா?"

"நம்ம நெஞ்சுப் பட்டை நாடித்துடிப்பைத் தப்பாக் காட்டுது, அதனால ரெண்டு நோயாளிங்க போயிட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதினார். சும்மா இருந்தாரா? உனக்கும் ஒரு காப்பி குடுத்தார். அடுத்த வாரம் பட்டை கடைக்கு வருது கண்ணு!"

"அதுக்காக என்னையுமா? என்னைத் தூக்கி வளத்த கையாச்சே சித்தப்பா!"

"நான் தொடவே இல்லையே! விசிறி பழுது. ரெண்டு பேர் விபத்துல போயிட்டாங்க. இரங்கல் கூட்டத்துல நான்தான் முதல்ல அழுவேன்."

அவளுக்குப் பயத்தைவிட அந்தக் குரலில் இருந்த பாசம்தான் தாங்க முடியவில்லை.

மணிக்கட்டைப் பார்த்தாள். கைப்பட்டையில் சிவப்புப் புள்ளி மினுக்கியது. அவர் பேசிய அத்தனையும் பதிவு! ரிப்போர்ட்டும் அதிலேயே இருந்தது. 'போலீஸ்' பொத்தானை அழுத்தினாள்.

'சிக்னல் இல்லை. செய்தி காத்திருக்கிறது...'

ஊமை கண்ட கனவுதான்!

தலை கனத்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. சோடாபுட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே இரண்டு பேர். இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டு பிணம்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

கம்பெனியின் பெருமையே கைப்பட்டைதான். தோலோடு தோல் பட்டால் போதும், ஒன்றில் காத்திருக்கும் செய்தி மற்றதற்குத் தாவிவிடும். உடம்புதான் கம்பி! ஒருமுறை ஒருவன் கைகுலுக்கப் போய், அவன் காதல் கடிதம் கணக்காளருக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இங்கே எல்லாரும் தூரத்துக் கும்பிடுதான்.

சித்தப்பா கையிலும் பட்டை உண்டு. இந்தக் கதவுக்குச் சாவியே அதுதான்.

சட்டைக்குள் கைவிட்டாள். சோதனைக்காக மாட்டியிருந்த நெஞ்சுப் பட்டையைப் பிய்த்தாள். படுத்துக் கண்ணை மூடினாள்.

நாடித்துடிப்பை மட்டும் கம்பி வழியே காட்டும் வெளித்திரையில் அவள் துடிப்பு நேர்கோடானது.

"கண்ணு?" ஸ்பீக்கர் கேட்டது. "அதுக்குள்ளயா?"

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"நேர்கோடு காட்டுது... இந்தப் பட்டையை எவன் நம்புவான்!"

கதவு திறந்தது. காலடி. வாசனைத் தைலத்தின் நெடி. எழுந்து ஓடலாமென்றால் கால் மரக்கட்டையாக இருந்தது.

குனிந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

"அடிக்குது!" சிரித்தார். "என்கிட்டயே நடிப்பா? இன்னும் ஒரு மணி நேரம் படுத்துக்கோ கண்ணு."

டப்!

மறுபடி செம்புச் சுவர். மறுபடி புழுக்கம். மூச்சு ஒவ்வொன்றாக இளைத்தது. அப்பாவின் முகம் வந்தது. போனது.

பிறகு... விசிறி சுற்றும் சத்தம்!

"அம்மா, கண்ணைத் திறங்க! ஒண்ணும் இல்ல!"

பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் விலங்கு மாட்டிய கையோடு சித்தப்பா.

"நீங்க பாட்டுக்கு வந்து பிடிச்சா? என்ன சாட்சி இருக்கு?" என்று குதித்தார்.

"ரிப்போர்ட், உங்க வாக்குமூலம், இந்த அறையோட விலாசம்... எல்லாம் வந்திருக்கு சார்."

"யாரு அனுப்பினது?"

"நீங்கதான். நீங்க வெளிய வந்ததுமே உங்க கைப்பட்டையிலேருந்து வந்தது."

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். முகம் பேயறைந்தது போலானது.

சிட்டு சுவரைப் பிடித்து எழுந்தாள். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள்.

"ஏன் சித்தப்பா மூஞ்சி இப்படிப் போகுது? நம்ம கம்பெனி சரக்கு இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு... விளம்பரத்துல போட்டுக்குங்க!"