மத்தியானம் மட்டும் ஓடிய ரயில்

சந்தனராஜ் தாத்தா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். கோயில் மணி அடித்தாலும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் நேரத்தை ஒப்புக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த ரயில் இருந்தது.

ஆவூர்ப் பக்கம் கிறிஸ்துமஸ் வந்தால் தெருவுக்குத் தெரு குடில் போடுவார்கள். வைக்கோல் கூரை, மாட்டுக்கொட்டில், மண்ணில் செய்த ஆடுகள் எல்லாம் இருக்கும். தாத்தாவின் தெருக் குடிலில் மட்டும் மாட்டுக்கொட்டிலைச் சுற்றி ஒரு குட்டி ரயிலும் ஓடும். பெத்லகேமில் ஏது ரயில் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் தாத்தா ரயிலைத் தரமாட்டார்.

கறுப்பு இன்ஜின், பின்னால் மூன்று பெட்டிகள். தாத்தாவின் அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. இந்த வருடம் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் இன்ஜின் அசையவே இல்லை.

"புதுக்கோட்டையில ஒரு கடை இருக்கு. குடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டார் எதிர்வீட்டுப் பால்ராஜ்.

"குடுத்தா மோட்டாரைக் கழட்டி வச்சுக்கிட்டு ஓட்டை மோட்டாரை மாட்டி அனுப்புவான்" என்றார் தாத்தா.

அவரே உட்கார்ந்துவிட்டார். பால்ராஜின் மகள் ஷர்லியும் அவள் தம்பி லியோவும் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஷர்லி ஆறாம் வகுப்பு. லியோ ஒன்றாம் வகுப்பு.

தாத்தா இன்ஜினின் மூடியைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார். அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்து போயிருந்தது. மிக்ஸி கார்பன் ஒன்றை எடுத்து அரத்தால் ராவிச் சின்னதாக்கினார். அதைத் தாங்கும் ஸ்பிரிங் உடைந்திருந்தது. பேனாவுக்குள் இருந்த ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டார். மோட்டாரில் கரி பிடித்திருந்த செம்புத் தகட்டை அழிரப்பரால் தேய்த்தார்.

"தாத்தா, அது என்ன முடி மாதிரி?" என்றான் லியோ.

"முடிதான். சக்கரத்துல சுத்தியிருக்கு. கேள்வி கேக்குறதா இருந்தா அங்கிட்டுப் போ."

கடைசியில் மோட்டாருக்கு எண்ணெய் விடவேண்டும். கடை எண்ணெயில் கலப்படம் இருக்கும் என்பது அவர் கட்சி. பச்சைப் பாட்டிலை எடுத்தார். சொந்த மரத்துத் தேங்காய், செக்குக்குப் பக்கத்திலேயே நின்று ஆட்டிய எண்ணெய். மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் தாராளமாக விட்டார்.

மத்தியானம் குடிலில் வைத்து சுவிட்சைப் போட்டார். ரயில் ஜோராக ஓடியது.

சாயங்காலம் மழை தூறிக் குளிர் இறங்கியது. தெருவே கூடிய நேரத்தில் ரயில் ஓடவில்லை. 'ங்ங்' என்று முனகிவிட்டு நின்றது. மறுநாள் காலையிலும் அதே கதை. மத்தியானம் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. சாயங்காலம் மறுபடியும் முனகல்.

"எவனோ கை வைக்கிறான்" என்றார் தாத்தா.

அவர் திரும்பிப் பார்த்த நேரம், லியோவின் கை தண்டவாளத்தின் மேல் இருந்தது.

"நீதானா?"

"ஆடு விழுந்து கெடந்துச்சு தாத்தா. அதைத்தான் எடுத்தேன்."

"ஆட்டைத் தொட்டவன் இன்ஜினைத் தொடமாட்டியாக்கும். இந்தப் பய இனிமே குடில் பக்கம் வரக் கூடாது, எதையும் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில ரயில் ஓடலைன்னா பெட்டியில வச்சுப் பூட்டிருவேன்."

அடுத்த நாள் கழிந்தால் கிறிஸ்துமஸ். லியோ அன்று தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் தோசை வேண்டாம் என்று சொன்னதை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

காலையில் ஷர்லி தலைக்கு எண்ணெய் வைக்கப் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"மார்கழிப் பனி. மத்தியானம் வெயில்ல வை, உருகிரும்" என்றாள் அம்மா.

ஷர்லி சீப்பும் கையுமாக அப்படியே நின்றாள். வெயிலில் உருகும். குளிரில் உறையும். பச்சைப் பாட்டில் ஞாபகம் வந்தது.

வாசல் வரை ஓடியவள் நின்றாள். போய்ச் சொன்னால் என்ன ஆகும்? தம்பிக்காகப் பொய் சொல்கிறாய் என்பார். அவர் நம்புவது அவர் கண்ணை மட்டும்தான்.

குடிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார் தாத்தா.

"தாத்தா, எங்க வீட்டு எண்ணெய் உறைஞ்சு போச்சு. தலை பின்னணும். ஒங்க எண்ணெய் கொஞ்சம் குடுங்க."

"கடை எண்ணெய் உறையத்தான் செய்யும். என் எண்ணெயைப் பாரு" என்று உள்ளே போய்ப் பச்சைப் பாட்டிலை எடுத்துவந்தார். கவிழ்த்தார். வரவில்லை. அடியில் தட்டினார். அப்போதும் வரவில்லை.

பாட்டிலைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதானே வந்த?"

"தலைக்கு எண்ணெய் கேட்டு வந்தேன் தாத்தா."

தாத்தா திருப்புளியை எடுத்தார். மோட்டாரில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்ததைப் பெட்ரோலில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்தார்.

"இப்ப எந்த எண்ணெயை விடுறது?" என்றார் தனக்குத்தானே.

"அம்மா தையல் மிஷினுக்கு விடுற எண்ணெய் இருக்கு. பனியிலயும் தண்ணி மாதிரிதான் இருக்கும்."

அவள் கொண்டுவந்ததை முகர்ந்து பார்த்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"எங்க வாங்குனா ஒங்கம்மா?"

"கடையிலதான்."

"ம்" என்று ஒரே ஒரு சொட்டு விட்டார்.

சுவிட்சுக்கு நீட்டிய கையை நிறுத்தி எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பாதி லியோ தெரிந்தான்.

"டேய், இங்கிட்டு வா. இந்த சுவிட்சைப் போடு."

லியோ வந்தான். ஆனால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க."

"இப்ப தொடுன்னு சொல்றேன்ல."

லியோ போட்டான். அந்தப் பனியிலும் ரயில் மாட்டுக்கொட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மூன்றாவது சுற்றில் ஒரு ஆடு சாய்ந்து தண்டவாளத்தில் விழ, ரயில் முட்டி நின்றது. லியோ ஆட்டைத் தொடாமல் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

"எடுத்து வை. தெனமும் நீதானே எடுத்து வைக்கிற" என்றார் தாத்தா.

மத்தியானம் வெயில் ஏறியதும் பச்சைப் பாட்டிலோடு ஷர்லி வீட்டு வாசலில் வந்து நின்றார். எண்ணெய் பளபளவென்று உருகியிருந்தது.

"இந்தா, வச்சுக்க" என்றார். "தலைக்கு நல்ல எண்ணெய்தான்."