தள்ளி வைத்த தட்டு

"மிஸ்... காலத் தூக்குங்க! ஐயோ, காலத் தூக்குங்க!"

சுலோஜனா திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கன்னங்கரேலென்று நாலைந்து விரால் மீன்கள் பலகையெல்லாம் துள்ளின. அதில் ஒன்று நேரே வந்து அவளுடைய சேலைக் கரைக்குள்ளேயே புகுந்துகொண்டது...

அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவே வாவியைக் கடக்கிற மிதவையை அந்தப் பக்கத்துச் சனங்கள் 'பாதை' என்பார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருசம் அது. மழை இன்னும் விட்டபாடில்லை. சைக்கிள்களோடும் நெல் மூட்டைகளோடும் நனைந்துகொண்டு நின்ற சனங்கள் சிரிக்க, வாளிக்குச் சொந்தக்காரன் மட்டும் முழங்காலில் நின்று மீன்களைத் துரத்திக்கொண்டிருந்தான். பிடித்ததெல்லாம் கைக்குள்ளால் வழுக்கிப் போனது.

சுலோஜனா குனிந்தாள். தலைக்குப் பின்னால் இறுக்கி ஒரு பிடி... விரால் அடங்கிவிட்டது.

"இப்பிடித்தான் பிடிக்கிற. இந்தாங்க."

அவன் நிமிர்ந்தான். வெயில் பட்ட வாவித் தண்ணீரின் நிறத்தில் இரண்டு கண்கள்... இமையில் மழைத்துளி. பறங்கி ஆள், போர்த்துக்கீசர் வழி வந்தவன் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மீன்காரியா மிஸ் நீங்க?"

"டொக்டர். ஆயுர்வேத டொக்டர். பழுகாமத்து வயல் வட்டைக்குள்ள வளந்த டொக்டர்." அவள் முறைத்தாள். "சேலை நாறுது. இதுக்கு ஆர் பதில் சொல்ற?"

"நான் தோச்சுத் தாறன்..."

"நீங்க மீன் பிடிக்கிற சீரப் பாத்தா, சேலை வாவிக்குள்ள போயிரும்!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். கரை நெருங்கும்போது கேட்டாள்: "டவுனுக்குள்ள மீன் இல்லாமலா இஞ்ச வந்து வாங்குறீங்க?"

அவன் சிரிப்பு நின்றது.

"கடல் மீன் எங்கட வீட்டுக்குள்ள வராது மிஸ். வாவி மீனும் வேணாமாம், கடல் வாவிக்குள்ளயும் வந்ததாம். பப்பா சொல்லிட்டார். இது குளத்து மீன்."

"எங்க இருந்தீங்க?"

"டச்பார்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. டச்பாரில் அலை எத்தனை வீட்டை வழித்துக்கொண்டு போனது என்பது மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரியும். அவனே சொன்னான். பெயர் ஷோன். தச்சு வேலை. மம்மி டோரீனும் தங்கச்சியும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பப்பா ஹோரேஸ் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மம்மி ஈஸ்டருக்குச் செய்கிற மாதிரி, வினாகிரி ஊற்றி, சீனி போட்டு, மேலே பளபளக்க மீன் செய்து கொடுத்துப் பார்க்கிறான். ஒரு வாய் வைத்துவிட்டு வாந்தி எடுக்கிறார்.

"பட்டினி கிடந்த வயித்துக்கு வினாகிரியா?" அவளுக்குள் இருந்த டொக்டர் விழித்துக்கொண்டாள். "அவர்ட வயித்து அக்கினி அவிஞ்சு போய்க் கிடக்கு. முதல்ல அதக் கொளுத்த வேணும். மறுகாதான் சாப்பாடு."

"எப்பிடிக் கொளுத்துற?"

பாதை கரை தட்டியது. சேலையைப் பிழிந்துகொண்டே அவள் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை வாறன். மீன உயிரோட வச்சிருங்க... ஏலுமெண்டா!"

*

புளியந்தீவில் ஓர் ஒடுங்கிய தெருவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு. டோரீனின் தங்கை பிறெண்டா ஆன்ட்டிதான் கதவைத் திறந்தாள். கையில் மருந்துப் பெட்டிக்குப் பதில் இஞ்சியும் புளியும் வைத்திருக்கிற டொக்டரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கசாயமா காச்சப் போறீங்க?"

"இல்ல ஆன்ட்டி. உங்கட அக்காட மீனத்தான் சமைக்கப் போறன். கொஞ்சம் மாத்தி."

முதலில் ஹோரேஸுக்கு ஒரு துண்டு இஞ்சி, மேலே இரண்டு கல் உப்பு. "சும்மா சப்புங்க அங்கிள். சாப்பாடு இப்ப இல்ல." சாய்மனைக் கதிரையில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த மனிதர், சாப்பிடச் சொல்லி யாரும் கெஞ்சாத அதிசயத்தில் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்து விராலின் வழுவழுப்பை எடுத்தாள். மஞ்சளும் மிளகும் தடவித் தாச்சியில் நெய் விட்டு, கறிவேப்பிலை மேல் துண்டுகளைப் பரப்பினாள். இன்னொரு அடுப்பில் பழம்புளிக் கரைசல், பனங்கட்டி, இஞ்சிச்சாறு, வறுத்துப் பொடித்த சீரகம்.

"ஷோன், இதக் கிண்டுங்க. அகப்பையில ஒட்டுற பதம் வரைக்கும்."

"வினாகிரி?"

"வேணாம். புளி போதும்."

"இந்தத் தேன்? பப்பாவுக்குத் தேன் எண்டா விருப்பம்..." அவன் போத்தலைச் சரிக்கப் போனான். அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"சூட்டில தேன் விட்டா நஞ்சு!"

பிடித்த கையை விட இரண்டு பேருக்குமே மறந்துபோனது... பாகு கொப்பளித்து அவன் விரலில் தெறித்த பிறகுதான் நினைவு வந்தது.

"மறுகா, அந்தத் தயிர்ச்சட்டி ஆருக்கு?" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"சாப்பாட்டுக்குப் பிறகு..."

"மீனுக்கு மேல தயிரா? இந்த வீட்டில மனிசர் உயிரோட இருக்கிறதே பெரிய காரியம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஆனால் முன் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹோரேஸ் சிரித்தார்! கரகரவென்று, இருமலோடு... கையில் இருந்த துண்டால் பிறெண்டா ஆன்ட்டி கண்ணைத் துடைத்தாள்.

பாகை மீனின் மேல் ஒரு தடவை பூசி, அனலில் காட்டி, மறுபடி பூசினாள். விளக்கு வெளிச்சத்தில் துண்டுகள் செம்பொன்னாய் மின்னின. புழுங்கல் சோறு, முருங்கையிலைச் சுண்டல், ஒரு சின்னத் துண்டு பாகற்காய்.

"இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு, கசப்பு, துவர்ப்பு... ஆறும் இரிக்கு அங்கிள். சூடா, கொஞ்சமா, எல்லாரோடையும் இருந்து சாப்பிடுங்க. தனியச் சாப்பிட வேணாம். அதுதான் பெரிய மருந்து."

ஹோரேஸ் ஒரு வாய் வைத்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். மென்றார். விழுங்கினார். கண்ணீர் வழிந்தது.

"டோரீன் எண்டா... இன்னும் கொஞ்சம் புளிக்க வேணும் எண்டு சொல்லுவாள்," என்றார். அடுத்த வாயை அள்ளினார்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷோன் அவளைப் பார்த்தான். நன்றி என்று மட்டும் அந்தப் பார்வையைச் சொல்ல முடியாது... அவள் அவசரமாகச் சோற்றைப் பிசைந்தாள்.

*

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வீட்டுக்கென்றே ஆகிவிட்டன. ஹோரேஸ் கதிரையை விட்டு எழும்பினார். பட்டறைக்குப் போய் உளியைத் தொட்டார். சமையலை ஷோன் கற்றுக்கொண்டான். பதம் பிந்தினால் அவள் திட்டினாள். திட்டு வாங்கவென்றே அவன் பிந்த விட்டான். பேச்சுக்குக் குறைவில்லை. அந்த ஒரு பேச்சு மட்டும்... இன்றைக்குச் சொல்வான் என்று அவள் நினைத்தாள். அடுத்த கிழமை அவள் முகம் பார்த்துச் சொல்லலாம் என்று அவன் நினைத்தான்.

அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது.

வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமம் இருந்த படுவான்கரை முழுக்க ஷெல் விழுந்த அந்த மாசத்தில், சுலோஜனாவின் தகப்பன் வினாயகமூர்த்தியும் தாயும் உடுத்த உடுப்போடு இக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். முகாம் கூடாரத்தில் வினாயகமூர்த்திக்குக் காய்ச்சல். நெல்லும் மாடும் விட்டு வந்த கவலையில் மூன்று நேரமும் வெறும் தண்ணீர். கேள்விப்பட்ட ஷோன் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் அவரைத் தூக்கி ஏற்றினான். தன் கட்டிலில் படுக்க வைத்தான். ஏறாவூர் மீன் வியாபாரி கச்சி முகம்மதுவிடம் சொல்லி வைத்து உயிர் விரால் எடுப்பித்தான். இஞ்சியைக் கொடுத்தான். நெய் விட்டான். பாகு காய்ச்சினான். இந்த முறை பதம் ஒரு துளி பிசகவில்லை.

தட்டை அவன் இரண்டு கையாலும் நீட்டினான். "சாப்பிடுங்க ஐயா. உங்கட மகள் சொல்லித் தந்ததுதான்."

வினாயகமூர்த்தி தட்டைப் பார்த்தார். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் இந்த வீட்டில் எந்தப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து நடமாடுவதைக் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"பறங்கி வீட்டில நான் கை நனைக்கிறல்ல."

தட்டைப் புறங்கையால் தள்ளினார். அது மேசை விளிம்பு வரை போய் நின்றது.

ஷோன் கோபப்படவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் அவள் சொன்னால் போதும் என்கிற பார்வை.

சுலோஜனா நிலத்தைப் பார்த்தாள். 'அப்பா காய்ச்சலில இரிக்கார். இப்பவா பேசுற? நாளைக்குப் பேசலாம்...' என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் நிமிர்ந்தபோது அவன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போயிருந்தான்.

மறுநாள் காலையே அவர்களை ஆரையம்பதியில் இருந்த உறவினர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஷோன் மரியாதையாக நின்றான். "போயிற்று வாறன்," என்றாள். "ஓம் டொக்டர்," என்றான். மிஸ் இல்லை, சுலோ இல்லை... டொக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். அவளாக வரட்டும் என்று அவன் இருந்தான். சனம் படுவான்கரைக்குத் திரும்பியபோது அவளும் பழுகாமத்துப் பக்கமே வேலை மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். புளியந்தீவுப் பாலத்தைத் தாண்ட வேண்டி வந்தால் தெருவை மாற்றிப் போனாள்.

*

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன மாசம். டவுனில் வெடி கொளுத்தினார்களாம். பழுகாமத்தில் அவரவர் வீட்டுக்குள் இருந்தார்கள். எந்த வீட்டில் யார் திரும்பி வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

சோற்றின் முன்னால் இருந்த வினாயகமூர்த்தி திடீரென்று கேட்டார். "அந்தத் தச்சுப் பொடியன் எப்பிடி இரிக்கான் மகள்?"

சுலோஜனாவின் கை நின்றது. "தெரியாது அப்பா."

"அண்டைக்கு எனக்கு என்ன பசி எண்டு தெரியுமா? அந்த மீன்ட வாசம்... இப்பவும் மூக்கில நிக்கிது. வீம்புக்குத்தான் தள்ளினன்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நீ ஏதும் சொல்லுவாய் எண்டு பாத்தன். 'சாப்பிடுங்க அப்பா' எண்டு ஒரு சொல் நீ சொல்லியிருந்தா... சாப்பிட்டிருப்பன் புள்ள. நீ பேசாம நிண்டாய். அப்ப மனசில ஒண்டும் இல்லயாக்கும் எண்டு நானும் விட்டுட்டன்."

இத்தனை காலமும் அப்பாதான் மதில் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே... மதில் அங்கே இருக்கவேயில்லை. மதில் தன் மூடிய வாய்தான்!

காலையில் முதல் பஸ்ஸில் புளியந்தீவுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது ஷோன் இல்லை. மெலிந்த, அமைதியான முகத்தோடு ஒரு பெண். கையில் மாவு.

"நீங்க... சுலோ டொக்டரா?" அவளாகவே கேட்டாள். "பப்பா கடைசி வரைக்கும் உங்களப் பத்தித்தான் கதைப்பார். நான் ஹெதர். நானும் டச்பார்தான். என்ட அவரும் அலையோட போனவர்."

'கடைசி வரைக்கும்...' அந்தச் சொல் சுலோஜனாவைச் சுட்டது. ஹோரேஸ் போன வருசமே இறந்துவிட்டார். கைகால் விளங்காமல் கிடந்தவருக்கு ஊட்டி, துடைத்து, பக்கத்தில் இருந்தவள் இந்த ஹெதர்தான். அடுத்த மாசம் ஹெதருக்கும் ஷோனுக்கும் மாதா கோயிலில் கல்யாணம். பட்டறைக்குள் இருந்து ஷோன் வந்து நின்றதைப் பார்த்ததும், ஹெதர் இரண்டு முகத்தையும் ஒரு தரம் பார்த்தாள். "தேத்தண்ணி போடுறன்," என்று உள்ளே போய்விட்டாள். சின்ன மனசுக்காரி இல்லை அவள்...

ஷோனின் தலையில் மரத்தூள். நரை போலவும் இருந்தது.

"பப்பா போனது எனக்குத் தெரியாது ஷோன்."

"ஆள் அனுப்ப நினைச்சன். மறுகா... வேணாம் எண்டு விட்டுட்டன்."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்டும் கேக்க வரல்ல. ஹெதர் நல்லவ. அவட இடத்தில ஆரும் நிக்கக்கூடாது. ஆனா சொல்லாம விட்டது நெஞ்சில கிடக்கு. எனக்கு உங்களில விருப்பம் ஷோன். அப்பவும். இப்பவும். அண்டைக்கு அப்பா தட்டத் தள்ளேக்க நான் அதச் சொல்லியிருக்க வேணும்."

அவன் கதவு நிலையை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

"நான் பழுகாமத்துக்கு வந்தன் சுலோ," என்றான் கடைசியில். "நீங்க திரும்பிப் போன அடுத்த வருசம். பப்பா சொல்லித்தான். உங்கட அப்பாட்டக் கேக்கிறதெண்டு, புதுச் சேட்டுப் போட்டு... உங்கட வாசல் படலை வரைக்கும் வந்தன்."

"வந்தீங்களா...?"

"உள்ள நீங்க சிரிச்சுக் கதைக்கிற சத்தம் கேட்டுது. நல்ல பெரிய சிரிப்பு. இவள் சந்தோசமா இரிக்காள், நான் ஏன் போய்க் குழப்ப வேணும் எண்டு கிறுகித் திரும்பிற்றன்." அவன் கண்கள் கலங்கின. "எனக்கும் உங்களில உயிர் சுலோ. படலையத் திறக்கத்தான் தெரியாமப் போயிற்று."

தேத்தண்ணீர் வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். ஹெதரின் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு சுலோஜனா புறப்பட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இருந்துகொண்டு யோசித்துப் பார்த்தாள். அந்த வருசம்... படலைக்கு வெளியே அவன் நின்ற அந்த நாள்... வீட்டில் யார் இருந்தார்கள்? என்ன கதை? ஊர் வந்து சேரும் வரைக்கும் யோசித்தாள். அன்றைக்கு எதற்காக அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை.